கூடியிருந்து கற்றலும் இலக்கிய ஆராய்ச்சியும்

பல்கலைக்கழகத்திற் சிறப்புப் பட்டம் பெற்றபின் முதுகலைமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ இலக்கிய ஆராய்ச்சி செய்யப் புகுந்த எமது பழைய மாணவர்கள், விடுமுறையில் எம்மைக் காண வருவதுண்டு. அவர்களிடம் நாம் முதலில் வினாவுவது, நூலை யாரோடிருந்து படிக்கின்றீர் என்பதே. பெரும்பாலும் கிடைக்கும் விடை, தனியே என்பதுதான். விஞ்ஞான மாணவனுக்கு ஆய்வுகூடத்திற் பக்கத்து மேசைத் துணையுண்டு. இலக்கிய மாணவனோ நூலகத்து மூலையில் ஆண்டுக்கணக்காகத் தனித்திருக்கின்றான். இக்குறைக்கு மருந்தாவது படிப்பு வட்டம்.

ஆராய்ச்சியாளர் ஐவர் அறுவர் குறித்த நாளிற் கூடி, ஒரு நூலை வரிவரியாகப் படித்துப் பொருள் துணிவதே படிப்பு வட்டமாம். மாநாடு வேறு, இது வேறு. 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு போன்ற பேரவைகளில் முடிந்த ஆராய்ச்சி அரங்கேறும். வட்டத்திலே முடியாத ஆராய்ச்சி வெளிப்படும். இவ்வரி எனக்கு விளங்கவில்லையென்று அங்கே கூசாமற் சொல்லலாம்.

இதன் பயனை அறியச் சீவக சிந்தாமணிப் பதிப்பின் வரலாறே போதும். 1880ஆம் ஆண்டிற் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அந்நூலைக் கையிலெடுத்தார். காவியங்கள் பல கற்ற அவருக்கும் அதிலுள்ள சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லமொன்றுக்கு ஒருநாட் சென்றபோது, வாயிலிலே தோரணமும் கோலமும் விளங்கக் கண்டார். என்ன விசேடமென்று கேட்க, சிந்தாமணியைக் கூடியிருந்து படித்துக் கேட்டுவந்ததாகவும், அன்றுதான் அது நிறைவெய்தியதாகவும் அறிந்தார். ஏட்டில் மாத்திரம் அவர் தேடிய பொருள் அவ்வூரிலேயே உயிரோடிருந்தது! அச்சமணரிடம் கேட்டுக் கேட்டு ஐயந் தெளிந்தார். 1887இற் பதிப்பு வெளிவந்தது.

எம்மவர்க்கும் இம்முறை புதிதன்று. கோயில்களிற் கந்தபுராண படனத்தின்போது ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, செய்யுளறிந்த முதியோர் சூழ்ந்திருந்து கேட்பர். பதம் பிரிப்பதில் வாசிப்பவர் பிழைத்தாற் சபையிலிருந்து ஒரு கனைப்பு எழும். அக்கனைப்புக்கு அஞ்சியே நாம் இளமையிற் சந்தி பிரிக்கப் பழகினோம்.

உயர்ந்த படிப்பு இருந்தால் மட்டும் பிழை நேராதென்று எண்ணலாகாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்பார், ஆசிரியர் பெயரை மறைத்துச் செய்யுள்களை மாணவர்க்குக் கொடுத்து, அவர்கள் எழுதித்தந்த கருத்துக்களை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். நன்கு கற்றவர்களே வெளிப்படையான பொருளையும் தவறவிட்டமை அதிற் புலனாயிற்று.

எமக்கும் இதில் ஒரு பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடங் கற்ற ஒருவர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வின் ஓர் இயலை நண்பர் நால்வர் முன்னிலையில் வாசித்தார். இயல் முழுவதும் ஒரு பழஞ்செய்யுளின் ஒரு தொடரிலே தங்கியிருந்தது. வேங்கை என்பது ஒருசொல்லாய் நின்றால் மரமும் புலியுமாம். வேம் கை எனப் பிரித்தால் வேகின்ற கையாம். நன்னூல் கற்றோர் இதனை அறிவர். அத்தகைய பிரிப்பொன்று பிழைத்திருந்ததை, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் பழைய உரையைக் காட்டி நிறுவினார். ஆய்வாளர் முகம் வாடிற்று. எமது முகமும் வாடிற்று. அப்பிரிப்பை வகுப்பில் அவருக்குக் கற்பித்தோர் நாமே. பல மாத உழைப்பு வீணாயிற்று. ஆயினும் பரீட்சகர் முன் அப்பிழை செல்லவில்லை. இயலை அவர் புதிதாக எழுதினார்.

அன்றுதொட்டு மாதந்தோறும் கூடுகின்றோம். ஒருமுறைக்கு நாற்பது வரிக்குமேற் படிப்பதில்லை. முறைவைத்து ஒருவர் முன்னின்று படிப்பார். வயதில் மூத்தவர் கடைசியிலேயே பேசுவார். வெளிநாட்டிலுள்ள இருவர் கணினிவழி வந்திருக்கின்றனர். ஒவ்வொருவரும் வெவ்வேறு பதிப்பைக் கொண்டுவருதல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபின், பழம்பதிப்புகள் வீட்டுக்கு ஒன்றாகவே எஞ்சியுள்ளன. அவை ஒரு மேசையிற் சேர்வதே பெரும்பேறு. பழைய மாணவர் சங்கம் ஓர் அறையும் ஓர் அலுமாரியும் உதவுமாயின் கல்லூரியிலேயே கூடலாம்.

துணிந்த பொருளையும் துணியாத ஐயத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வருகின்றோம். துணியாது நிற்பவை இன்று 27.