பூனைக்கு நாள் எண்ணினேன்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு அந்தப் பெட்டைப்பூனை தானாகவே வந்து சேர்ந்தது. மீன் தலையைச் சோற்றில் பிசைந்து வைத்தேன், அவ்வளவுதான். ஒருநாள் அதன் முலைக்காம்புகள் சிவந்து தடித்திருப்பதைக் கண்டு, வீட்டுக்கார அன்ரி, "உது குட்டித்தாச்சி, பிள்ளை. போட முந்தி எங்கயாவது கொண்டுபோய் விடும்" என்றார்.

என்னால் முடியவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டுப் பூனையும் நிறைவயிறாக இருந்தது. அதை அடுப்படியில் விட்டுவிட்டுத்தான் நடந்தோம். குட்டி போடும்வரை தவணை தாருங்கள் என்று அன்ரியிடம் கேட்டேன். "எத்தனை நாள்?" என்றார்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மாதான் கணக்குச் சொன்னார். பூனைக்கு ஒன்பது கிழமை, ஏறக்குறைய 63 முதல் 65 நாள். கடுவனோடு சேர்ந்த பிறகுதான் பெட்டையின் முட்டை வெளிப்படும். ஆனால் அது பல நாட்கள், பல கடுவன்களோடு திரியும். (ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன்மார் வேறாகவும் இருக்கலாம்!) ஆகவே சேர்ந்த நாளை வைத்து எண்ணினாலும் சில நாள் முன்பின்னாகும். காம்பு சிவப்பது மூன்றாம் கிழமையளவில். அன்றிலிருந்து ஆறு கிழமை எண்ணி நாட்காட்டியில் வட்டமிட்டேன்.

வட்டமிட்ட நாளுக்கு முதல்நாள் பூனை சாப்பிடவில்லை. பழைய சீலை விரித்த காட்போட் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. இரவு ஒரு மணிக்கு முதல் குட்டி, அரைமணியில் இரண்டாவது. பிறகு ஒன்றுமில்லை. வயிறோ இன்னும் புடைத்திருந்தது. அமுக்கிவிடலாமா என்று பதறி பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"முக்குதோ?"

"இல்லைப் பெரியம்மா, படுத்திருந்து பால் குடுக்குது."

"அப்ப பேசாமல் விடு."

மூன்றாவது குட்டி விடிந்து ஒன்பது மணிக்குத்தான் வந்தது. தாய் அமைதியாக இருந்தால் இப்படி இடைவெளி விடுவதுண்டு, சிலவேளை ஒருநாள் வரைகூட என்று பின்னர் மிருக வைத்தியரும் சொன்னார். ஆனால் அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், இரத்தம் நிறையப் போனால், முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிற நீர் வடிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வயிற்றை அமுக்கவோ குட்டியை இழுக்கவோ கூடாது. நோவுக்கென்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு, உயிரையே எடுத்துவிடும்.

பத்தாம் நாள் குட்டிகள் கண் திறந்தன. பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி கருத்தரிக்கக்கூடும் என்பதால் கடுவன் வராமல் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்ரி எட்டுக் கிழமை தவணை தந்திருக்கிறார். இரண்டு குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.