கைக்குழந்தையோடு தணிகை மலைக்கு

திருத்தணியில் வீடு என்றால் வருஷம் பூராவும் விருந்தாளி உண்டு. முதல் மொட்டை, காது குத்து, பால்குடம், காவடி என்று ஏதாவது ஒரு வேண்டுதல் சொந்தக்காரர்களை அழைத்து வந்துவிடும். இந்த ஊருக்கு மருமகளாக வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வந்து இறங்குகிற இளம் தாய்மார்களைப் பார்த்தால் இன்னமும் வயிறு கலங்குகிறது. முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் தணிகை என்று பெயர். ஆனால் வெயிலின் சினம் இங்கே தணிகிற வழியாக இல்லை! மே மாதத்தில் டி.வி.யில் சொல்லும் வெப்பநிலைப் பட்டியலைக் கவனியுங்கள். வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும் எங்கள் ஊர்.

அதனால் குழந்தையோடு வருகிறவர்கள் முதலில் நாள் பார்க்க வேண்டும். நான் சொல்வது பஞ்சாங்க நாள் அல்ல. கூட்டம் இல்லாத நாள். 27 நாளைக்கு ஒரு முறை வரும் கிருத்திகையன்று கோயிலில் கூட்டம் நெருக்கும். ஆடிக் கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். புஷ்பக் காவடிகள் ஆந்திராப் பக்கத்திலிருந்தும் வந்து மலையே மஞ்சளாகிவிடும். டிசம்பர் 31 இரவில் படித் திருவிழா. 365 படிக்கும் பூஜை செய்து, படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம் அது. இதெல்லாம் கண்கொள்ளாக் காட்சிதான், இல்லையென்று சொல்லவில்லை. குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு வந்து பாருங்கள். கிருத்திகையன்றே செய்வதாக நேர்ந்துகொண்டிருந்தால் ஒழிய, சாதாரண புதன், வியாழனில் வந்து முடியிறக்குங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அடுத்தது நேரம். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர்தான். அரக்கோணம் வழியாகத் திருத்தணி வரைக்கும் மின்சார ரயிலே வருகிறது. பஸ்ஸைவிடக் குழந்தைக்காரிகளுக்கு அதுதான் சௌகரியம், மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம். முந்தின நாள் மாலையே வந்து தங்கிவிட்டால் ரொம்ப நல்லது. விடிந்ததும் மலைக்குப் போய், ஒன்பது மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது என் கணக்கு. படியேறித்தான் போக வேண்டும் என்றில்லை. மேலே வரைக்கும் வண்டி போகிற சாலை இருக்கிறது. விசேஷ நாட்களில் மட்டும் கார்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிரசவமாகி ஆறேழு மாதமே ஆன பெண்கள் வேண்டுதல் என்று பிடிவாதம் பிடித்துக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஏறுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வீட்டுக்காரர் ஏறட்டுமே! வேண்டுதல் இரண்டு பேருக்கும்தானே?

செருப்பைக் கழற்றிய பிறகு பத்து மணி வெயிலில் கருங்கல் தரை எப்படிச் சுடும் என்று பெரியவர்களுக்குத் தெரியும், ஓடிவிடுவார்கள். நடக்கப் பழகின பிள்ளைக்கு ஓடத் தெரியாது. அழுதுகொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், பிஞ்சுப் பாதம் கொப்பளித்துவிடும். பழைய பருத்திக் காலுறை இரண்டு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டைக்கு இப்போது கட்டணம் கிடையாது. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021-இல் அதை நீக்கிவிட்டார்கள். பணம்தான் இல்லையே தவிர, கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். "புது பிளேடு போடுங்கண்ணா" என்று சொல்லி, உறை பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். ஒரு புது பிளேடைக் கையோடு கொண்டு வந்தாலும் தப்பில்லை. தலைக்கு விட வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரை பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். கீழே சரவணப் பொய்கை இருக்கிறதே என்று புதிதாகச் சிரைத்த தலையை அதில் முக்க வேண்டாம். கீறல் பட்டிருந்தால் சீழ் வைக்கும். கும்பிட்டுத் தலையில் இரண்டு துளி தெளித்துக்கொண்டால் போதும். சந்தனம் பூசுவது அழகுதான். ஆனால் சந்தனத்தை நம்பி வெயிலில் விடாதீர்கள். அதுவரை முடிக்குள் மறைந்திருந்த தோல் சீக்கிரம் வெந்துவிடும். மெல்லிய பருத்திக் குல்லாய் கட்டாயம் வேண்டும். காது குத்துவதையும் அதே நாளில் வைத்துக் குழந்தையை இரட்டை அழுகை அழ வைக்கிறார்கள். முடிந்தால் தள்ளிப் போடுங்கள். எதுவானாலும் ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் போட்டு முடித்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, நாக்கு வறளுதே, பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கட்டுமா?" என்று கேட்காத பெண் இல்லை. ஆறு மாதம் நிறையாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள்! வரிசையில் நிற்கும்போது தாய் வாய் நனைக்காமல் விரதம் என்று இருந்தால் அது குழந்தைக்குத்தான் வந்து சேரும். ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, உடம்பு கொதிக்கிறது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால் தரிசனமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உடனே இறங்கி ஊரிலிருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கையில் சாப்பாடு என்றால் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவின இட்லியும், பால் ஊற்றிப் பிசைந்து கொஞ்சம் தயிர் விட்ட சாதமும் போதும். தேங்காய்ச் சட்னியை வீட்டோடு விட்டு வாருங்கள், இந்த வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும். கோயிலில் அன்னதானம் உண்டு, பெரியவர்கள் அங்கேயே சாப்பிடலாம்.

பேச்சு பற்றிப் பயம் வேண்டாம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கடைத்தெருவில் இன்றைக்கும் ஒரு காதில் தமிழ், ஒரு காதில் தெலுங்கு விழும். ஆனால் பிள்ளை கூட்டத்தில் கை விட்டுப் போனால் எந்த மொழியிலும் அதற்குப் பேச வராது. சட்டைப் பையில் உங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதின சீட்டை வையுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளிடம், "தொலைஞ்சு போனா யானைகிட்ட வந்து நில்லு" என்று சொல்லி வையுங்கள். சந்நிதிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கிற கல் யானை அது. இந்திரன் சீதனமாகக் கொடுத்த ஐராவதம், தேவலோகத்தைப் பார்த்து நிற்கிறது என்பார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதை சுலபத்தில் மறக்காது.

பலர் இங்கே முடித்த கையோடு அப்படியே திருப்பதிக்கும் போய்விடுகிறார்கள். எழுபது கிலோமீட்டருக்குள்தானே என்ற ஆசை! கைக்குழந்தையோடு ஒரே நாளில் இரண்டு மலை வேண்டாம். மத்தியானம் எங்காவது காற்றாடியின் கீழ் குழந்தையை நன்றாகத் தூங்க விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு நாலரை, ஐந்து மணி ரயில் பார்த்து ஊர் திரும்புங்கள். வீட்டுக்குப் போனதும் தலைச் சந்தனத்தைத் தேய்க்காமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.