ஈரல் புழு: வாய்க்கால் கீரையில் கவனம் தேவை

ஏரி, குட்டை ஓரம் மேய்ந்த ஆடு மாடுகள் இளைத்து, தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கினால் ஈரல் தட்டைப்புழுவாக இருக்கலாம். அறுத்த ஆட்டின் ஈரலில், பித்தக் குழாய்களுக்குள் இலைபோல் கிடப்பது இதுதான். இதே புழு மனிதர் ஈரலிலும் குடியேறும்.

ஈரல் கறி தின்றால் இந்நோய் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. வழி அதுவல்ல. சாணத்தோடு தண்ணீரில் சேரும் முட்டை பொரித்து, இளம்புழு நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகுகிறது. பிறகு வெளியேறி, நீர் மட்டத்தை ஒட்டிய புல்லிலும் கீரையிலும் கண்ணுக்குத் தெரியாத கூடாக ஒட்டிக்கொள்கிறது. மாடு புல்லோடு விழுங்குகிறது; நாம் பச்சைக் கீரையோடு விழுங்குகிறோம்.

எகிப்தின் நைல் கழிமுகத்திலும் பொலிவியாவின் பீடபூமியிலும் கிராமத்தாரை இது அதிகம் வாட்டுகிறது. நம் நாட்டில் மனிதருக்கு வருவது அரிதே. ஆனாலும் வல்லாரையை வாய்க்காலில் பறித்த கையோடு மெல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். கழுவினால் கூடு முழுதும் போகாது. வேக வைத்தால் செத்துவிடும்.

வலது விலாவின் கீழ் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், காமாலை கண்டால் மருத்துவரிடம் பச்சைக் கீரை தின்றதையும் சொல்லுங்கள். வழக்கமான பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்தை எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் அவர் கொடுப்பார்.

மாட்டின் சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் சோதித்து, அவர்கள் சொல்லும் மருந்தைப் புகட்டுங்கள். நீரோரப் புல்லை நன்றாக வெயிலில் காயவைத்துப் போடலாம். வாத்து வளர்ப்போர் வயலில் அவற்றை விட்டால் நத்தையைத் தின்று குறைக்கும்.