மெல்லிய தந்தியும் பெரிய கோஷ்டியும்



பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்வதைப் பலரும் அறிவீர்கள். அங்கே ஒரு மாடியறையில் இளைஞன் ஒருவன் கிட்டார் பயில்வதாக வைத்துக் கொள்வோம். தெருவில் ஒரு லாரி சென்றால் போதும், அந்நாதம் மறைந்துவிடும். இத்துணை மெல்லிய வாத்தியத்தை முன்னிறுத்தி, பின்னால் பெரியதொரு மேனாட்டு வாத்திய கோஷ்டியை அமர்த்தி, ஓர் உருப்படி இயற்றுவது எங்ஙனம்?

தனி வாத்தியமும் கோஷ்டியும் உரையாடுவது போன்ற உருப்படிக்குக் கன்செர்ட்டோ என்று பெயர். பெரும்பாலும் அது மூன்று பகுதிகளாக அமையும்: முதலும் ஈறும் துரிதம், நடுவே விளம்பம். கிட்டாருக்கு எழுதப்பட்டவற்றுள் பெரும்புகழ் பெற்றது, ஸ்பெயின் நாட்டு ஹோவாகின் ரோட்ரிகோ 1939-ல் பாரிஸில் இயற்றிய 'அரன்ஹுவேஸ் கன்செர்ட்டோ'. மூன்று வயதிலேயே பார்வையிழந்த அவர், பிரெயில் முறையில் இசை எழுதியவர். 1940 நவம்பரில் பார்ஸிலோனாவில் இது அரங்கேறியது.

கிட்டாரின் குறைகள் இரண்டு. ஒலி சிறிது, மீட்டிய ஸ்வரம் நில்லாமல் தேய்ந்துவிடும். ரோட்ரிகோ செய்ததைக் கவனியுங்கள். முரசு வகைகளை அவர் அறவே நீக்கினார். ஊது வாத்தியங்களில் ஒவ்வொரு வகைக்கும் ஓரிருவரே போதுமெனக் கொண்டார். விளம்பப் பகுதியில் நீண்ட ராகம் போன்ற வரியை முதலில் குழல் வகையைச் சேர்ந்த 'இங்கிலீஷ் ஹார்ன்' பாடுகிறது. கிட்டார் அடியில் சுருதிக் கோவைகளை மட்டும் மீட்டுகிறது. பின்னர் அவ்வரியையே கிட்டார் தன் அலங்காரங்களோடு திருப்பிச் சொல்கிறது. நீண்டு நிற்க வேண்டியதைக் குழலுக்கும், நுணுக்கத்தைத் தந்திக்கும் பங்கிட்ட நேர்த்தி இது. முடிவை நெருங்குகையில் கோஷ்டி முழுவதும் ஓய, கிட்டார் தனித்து ஒலிக்கிறது. அது ஓய்ந்ததும் கோஷ்டி முழுக்குரலில் எழுவது, அந்தத் தனிமையாலேயே நம்மை உலுக்குகிறது.

நம் கச்சேரியிலும் இந்நெறி உண்டன்றோ? பாடகர் மந்தர ஸ்தாயியில் உருகும்போது, மிருதங்க வித்வான் கையை அடக்கிக் கொள்வார்.

நம்மவரும் இத்துறையில் புகுந்துள்ளனர். பெங்களூரில் வாழும் வயலின் மேதை எல். சுப்பிரமணியம், மேனாட்டுக் கோஷ்டிக்கென இயற்றிய உருப்படியை, 1985-ல் ஜூபின் மேத்தாவின் தலைமையில் நியூயார்க் பில்ஹார்மோனிக் கோஷ்டியுடன் வாசித்தார். இங்கே சிக்கல் வேறு. கோஷ்டியினர் ஏட்டில் எழுதியதையே வாசிப்பர்; கமகமோ ஏட்டில் முற்றும் அடங்காது. ஆகவே எதை எழுதித் தருவது, எதைத் தனி வித்வானின் மனோதர்மத்துக்கு விடுவது என்பதை இயற்றுபவரே தீர்மானிக்க வேண்டும். கிட்டாரில் இது இன்னும் கடினம்: மெட்டுகள் ஸ்வரத்தைத் தடுத்து நிறுத்துவதால், தந்தியை இழுத்தே கமகம் காட்டவேண்டும்.

இந்நாளில் ஒலிபெருக்கி உதவுகிறது. ஆயினும் நெருக்கமாக எழுதப்பட்ட உருப்படியை அதனால் தெளிவாக்க இயலாது. ஸ்ரீராம்புரத்து இளைஞன் ஒரு கன்செர்ட்டோ எழுதத் துணிந்தால், தன் கிட்டாருக்குரிய வரிகளை எழுதியபின், மற்ற வாத்தியங்கள் எங்கெங்கே மௌனமாயிருக்க வேண்டும் என்பதை முதலில் குறித்துக் கொள்ளட்டும். பெருங்கூட்டத்தின் நடுவே சிறு குரல் கேட்பது, பிறர் அதற்கு இடம் விடுவதால்தான். அயலூரில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று.