சந்தையில் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுப்போம்



மேட்டூரில் மளிகைக் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், வாசலில் தொங்குகிற கலர் பாக்கெட்டைக் கேட்டு அடம் பிடிப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். "வேண்டாம் கண்ணு" என்று அன்றைக்கு இழுத்து வந்துவிடலாம். நாம் வேலைக்குப் போன நேரத்தில், பள்ளிக்கூட வாசலில் அதையேதான் வாங்கித் தின்னும். அதனால் தடுப்பதைவிட, பார்த்து வாங்கப் பழக்குவதே நல்லது.

கலர் விஷயம் விளையாட்டல்ல. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்கத் தடை போட்டது. சோதனை செய்ததில், துணிக்குப் போடுகிற 'ரோடமின் பி' என்ற சாயம் அதில் இருந்ததே காரணம். இது உடம்புக்குக் கேடு, உணவில் சேர்க்கவே கூடாது. அடிக்கிற கலரில் இருந்தால் வாங்கக் கூடாது என்று பிள்ளைக்குக் காரணத்தோடு சொல்லுங்கள்.

எப்படிப் பழக்கலாம்?

1. பசியோடு கூட்டிப் போகாதீர்கள். வாங்க வேண்டியதை வீட்டிலேயே பிள்ளை கையால் எழுதச் சொல்லுங்கள். சீட்டில் இல்லாதது பைக்குள் வராது.

2. "கொய்யாவா, பப்பாளியா?" என்று கேளுங்கள். எதை எடுத்தாலும் நல்லதுதான். தானே எடுத்ததைப் பிள்ளை ஆசையாகத் தின்னும். அணை மீன் வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

3. பாக்கெட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். படிக்கிற பிள்ளை நமக்கு வாசித்துக் காட்டட்டும். காலாவதித் தேதி, 14 இலக்க உணவு உரிம எண் இரண்டும் இருக்க வேண்டும். சேர்த்த பொருள்களில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். சர்க்கரை முன்னால் இருந்தால் அது சர்க்கரைப் பண்டம்தான்.

4. கணக்குப் போடச் சொல்லுங்கள். 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் 20 கிராம் இருந்தால், கிலோ 500 ரூபாய் ஆகிறது! நிலக்கடலை கிலோ என்ன விலை என்று பிள்ளையே கடைக்காரரிடம் கேட்கட்டும். 200 மில்லி குளிர்பானத்தில், 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், மொத்தம் 22 கிராம். அதாவது நாலைந்து டீஸ்பூன்.

ஒரே நாளில் மாறிவிடாது. நாமே காபியோடு தினம் ஒரு பாக்கெட் பிரித்தால், பிள்ளை நம் பேச்சைக் கேட்குமா? கடலை மிட்டாய், கேழ்வரகு அடை, அவித்த மரவள்ளிக்கிழங்கு என்று வீட்டில் எதையாவது தயாராக வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு, பிள்ளைகள் தின்றுபோட்ட காலி பாக்கெட்டை ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் உட்கார வைத்து, சேர்ந்தே வாசித்துப் பார்ப்போம்.