தண்ணிக்கு வழி விடுங்க பாஸ்!

தலையில் ஷாம்பு நுரை. காலடியில் கணுக்கால் வரை அழுக்குத் தண்ணி. இப்படி ஒரு குளியல் உங்களுக்குக் கிடைச்சிருக்கா? எனக்குக் கிடைச்சுது பாஸ்... அதுவும் அமெரிக்காவுல!

டிசம்பர் செமஸ்டர் லீவுக்கு ஃப்ளோரிடாவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். "ஹோட்டலே வேணாம்டா" என்று அவர் வாடகைக்குப் பிடித்து வந்தது ஒரு ஆர்.வி. நம்ம ஹீரோக்கள் ஷூட்டிங்கில் ரெஸ்ட் எடுப்பாங்களே, அந்த கேரவன் மாதிரி. கிச்சன், கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. குளிச்ச தண்ணி அடியில் ஒரு டேங்க்கில் சேரும். அது நிரம்பிட்டா? போக வழியில்லாம பாத்ரூமுக்கே ரிட்டர்ன்!

"காலி பண்ணச் சொன்னேனே, பண்ணீங்களா?" என்று சித்தி கேட்க, சித்தப்பா கப்சிப்!

மறுநாள் மயாமியிலிருந்து மேற்கே 'டாமியாமி ட்ரெய்ல்' சாலையில் பயணம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. கரையில் ஹாயாக வெயில் காயும் அலிகேட்டர்கள். இதுதான் எவர்க்ளேட்ஸ் சதுப்பு நிலம். பார்க்கத்தான் புல்வெளி, உண்மையில் இது ஒரு ஆறு! ஓகீசோபீ ஏரிப் பக்கமிருந்து தெற்கே கடலை நோக்கி, நகர்வதே தெரியாமல் நகர்கிற தண்ணீர்.

"இதுல ரோடு போட்டவன் கில்லாடி சித்தப்பா!" - சிவில் இன்ஜினீயரிங் பெருமை எனக்கு.

"அந்த ரோடே ஒரு பிரச்னைடா!" என்று சிரித்தார்.

1928-ல் திறந்த சாலை இது. பக்கத்திலேயே கால்வாய் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டின கதைதான். வடக்கே தண்ணி தேங்க, தெற்கே வறட்சி. விவசாயத்துக்கும் ஊர்களுக்கும் வெட்டிய கால்வாய்கள், போட்ட கரைகள் வேறு. பழைய எவர்க்ளேட்ஸில் சுமார் பாதி காலி! மயாமிக்காரர்கள் குடிக்கும் நிலத்தடி நீர் ஊறுவதற்கும் இந்தச் சதுப்புதான் உதவி என்பது கூடுதல் ஷாக்.

பிறகு சாலையைச் சில இடங்களில் தூக்கிப் பாலமாக்கினார்கள். முதல் ஒரு மைல் பாலம் 2013-ல் முடிந்தது.

அடுத்து தெற்கே திரும்பி, ஃப்ளோரிடா கீஸ் தீவுகள். கீ வெஸ்ட் வரை 113 மைல், 42 பாலங்கள்! 'செவன் மைல் பிரிட்ஜ்' மேல் வண்டி ஏறியதும் இரண்டு பக்கமும் நீலக் கடல். சித்தி பயத்தில் கண்ணை மூடிட்டாங்க. பக்கத்திலேயே ஒரு பழைய பாலம் தனியாக நின்றது.

அது ரயில் பாலமாம். ஹென்றி ஃப்ளாக்லர் என்ற தொழிலதிபர் போட்ட கடல் ரயில் பாதை 1912-ல் கீ வெஸ்ட்டைத் தொட்டது. 1935 செப்டம்பரில் வந்த சூறாவளி பல மைல் தண்டவாளத்தை வாரிக்கொண்டு போனது. அடித்துப் போனது மண் கொட்டிப் போட்ட மேடுகள். கீழே தண்ணிக்கு வழி விட்ட பாலங்கள் தாக்குப்பிடித்தன! அவற்றைப் பயன்படுத்தித்தான் 1938-ல் கார் போகும் சாலை வந்தது. இப்போதைய செவன் மைல் பிரிட்ஜ் 1982-ல் கட்டியது.

எனக்குச் சட்டென்று ஷாம்பு நுரை ஞாபகம் வந்தது. பாத்ரூமோ, சதுப்போ, கடலோ... வழியை அடைச்சா தண்ணி சும்மா இருக்காது மக்கா!

இனி ரோடு டிசைன் பண்ண உட்கார்ந்தா, 'இங்கே தண்ணி எந்தப் பக்கம் போகுது?' என்பதுதான் என் முதல் கேள்வி.

கீ வெஸ்ட்டில் டேங்க்கைக் காலி பண்ணது யார்னு கேட்கிறீங்களா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு... நானேதான்!