கன்றுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி: இரண்டாம் ஊசி ஏன்?

கூடங்குளம் முதலிய இராதாபுரம் தாலுகாப் புன்செய்க் கிராமங்களில், அறுவடை முடிந்தபின் பல வீட்டு மாடுகள் தரிசில் ஒன்றாய் மேய்ந்து, ஒரே குளத்தில் நீர் பருகும். வாயிலும் குளம்பிலும் புண்ணுண்டாக்கும் கோமாரி பரவ இதுவே போதும். இதனைத் தடுக்க அரசாங்கத்தார் 2019-ல் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கினர். அதன்படி நான்கு மாதம் நிறைந்த கன்றுக்கு முதலூசியும், ஒரு மாதங் கழித்து இரண்டாவதும், பிறகு ஆறு மாதத்துக்கொரு முறையும் போட வேண்டும். 'முன்பே போட்டாயிற்றே' என்று இரண்டாவதைக் கைவிடுவோர் உளர். அவர்கள் பொருட்டே இதனை எழுதலாயிற்று.

தேகத்தில் வியாதியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் பி, டி என இருவகையுண்டு. பி என்னும் பெயர் கோழியால் வந்ததாகும். கோழியின் எச்சவாயருகே பர்ஸா என்றொரு பை இருக்கிறது. இளங்குஞ்சில் அதை அகற்றினால் எதிர்ப்பொருள் சரிவர உண்டாவதில்லையென்று, அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவரும் அவர் தோழர்களும் 1956-ல் கோழி வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் எழுதினர். கோழிக்காரர் பேச்சென்றோ என்னவோ, பெரிய ஆராய்ச்சியாளர் பலர் அதனை அப்போது பொருட்படுத்தவில்லை! டி அணு கழுத்தடியிலும் மார்பிலுமுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வது. இது தானே எதிர்ப்பொருள் செய்யாது; செய்யும் பி அணுவுக்கு உதவுவதே இதன் தொழில் என்று ஆஸ்திரேலியாவில் மில்லர், மிட்செல் என்போர் 1968-ல் காட்டினர்.

கோமாரி ஊசியிலுள்ளது உயிரற்ற கிருமி. பி அணு அதைப் பற்றி விழுங்கித் துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்புறத்தில் ஏந்தி நிற்கும். அதே துண்டை அறிந்த டி அணு வந்து ஒத்துப் பார்த்து, தொட்டும் சில இரசங்களைச் சுரந்தும் உத்தரவு கொடுக்கும். ஒருவர் எழுதிய பட்டியலில் மற்றொருவர் கையொப்பமிட்ட பின்னரே கஜானாவில் பெருந்தொகை பட்டுவாடாவாவது போன்றது இது. அதன்பின் பி அணு பன்மடங்காய்ப் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கும். டி அணுவின் உதவியின்றேல் அது தாமதித்தும் குறைந்துமே உண்டாகும்.

முதலூசியின்போது அக்கிருமியை அறிந்த அணுக்கள் இருவகையிலும் மிகச் சில. அவை பெருகப் பல நாளாகும்; கிடைக்கும் எதிர்ப்பொருளும் விரைவில் தேய்ந்துவிடும். ஆனால் நினைவணுக்கள் சில எஞ்சி நிற்கும். இரண்டாம் ஊசி அவற்றைத் தட்டியெழுப்பவே, எதிர்ப்பொருள் விரைந்தும் மிகுந்தும் உண்டாகி நெடுநாள் நிற்கும். இரண்டாவதை விட்ட கன்று, ஊசி போட்டதென்று பெயரிருந்தும் காப்பின்றி மந்தையில் நிற்கும்.

நான்கு மாதத்துக்கு முன் போடலாகாதோ எனின், சீம்பால் வழி வந்த தாயின் எதிர்ப்பொருள் ஊசி மருந்தைப் பற்றிப் பயனறச் செய்துவிடக்கூடும். ஊசிக்குப்பின் சிறு வீக்கமோ, ஓரிரு நாள் காய்ச்சலோ கண்டால் அஞ்ச வேண்டுவதில்லை. முதலூசியிட்ட தேதியையும், கன்றின் காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணையும் குறித்து வைத்து, ஒரு மாதம் நிறைந்ததும் கால்நடை மருந்தகத்தில் இரண்டாம் ஊசியைக் கேட்டுப் பெறுக.